ஏழாயிரத்து இருநூறு

கலாமணியின் ரத்தம் உறைவதற்காகக் காத்திருக்கிறேன். இருபது நிமிடம் ஆகும். சிவப்பு மூடிக் குழாயில் நிற்கிற ரத்தத்தை யாரும் அவசரப்படுத்த முடியாது. குலுக்கினால் கெட்டுவிடும், சூடு காட்டினால் கெட்டுவிடும், முறைத்துப் பார்த்தால் ஒன்றும் ஆகாது, அதனால் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலை எட்டே கால். தாராபுரத்தில் இந்த லேபில் பதினோரு வருஷமாக இதே ஸ்டூலில் உட்கார்ந்து ஊராருடைய ரத்தத்தையெல்லாம் உறைய விட்டிருக்கிறேன், ஒருநாளும் இருபது நிமிடம் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. இது என் மனைவியின் ரத்தம். இப்போதுதான், எட்டு மணிக்கு, பக்கத்துத் தெருவில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் நானே ஊசி குத்தி எடுத்தேன், ஊதா மூடியில் ஒன்று, சிவப்பு மூடியில் ஒன்று. உறைந்த பிறகு இதைச் சுழல விட்டு, மேலே தெளிகிற மஞ்சள் நீரை மெஷினில் வைத்தால் கிரியேட்டினின் எவ்வளவு என்று சொல்லும். சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த ஓர் எண் போதும். ஒன்று புள்ளி இரண்டு என்று வந்தால் பிழைத்தோம். ரொம்ப ஏறி வந்தால், அவளுக்குள் வைத்த சிறுநீரகத்தை அவள் உடம்பே தின்ன ஆரம்பித்துவிட்டது என்று பயப்பட வேண்டியதுதான். அது என் சிறுநீரகம். போன வருஷம் தை மாதம் கோயமுத்தூரில் என் இடது விலாவுக்குக் கீழே திறந்து எடுத்து அவளுக்கு வைத்தார்கள். அத்தை மகள், அதனால் நன்றாகப் பொருந்துகிறது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். பொருந்தாமல் போனால் இரண்டாவது ஒன்றைக் கொடுக்க என்னிடம் இல்லை.

எடுத்த இடத்தில் வலி இல்லை. வலி போய் வருஷமாகிறது. ஆனால் ராத்திரியில் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. ஒன்றும் இல்லாத இடத்தில் ஏதோ இருக்கிறது என்று சொன்னால் என்னைக் கொண்டுபோய் வேறு டாக்டரிடம் காட்டுவார்கள், ஆகவே யாரிடமும் சொல்வதில்லை. தட்டுகிற மாதிரி இருக்கும். உள்ளே பூட்டிவிட்டுப் போய்விட்டார்களே என்று யாரோ மெதுவாகத் தட்டுவது மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை ஒரே சீராக விட்டுக்கொண்டு, தூங்குகிறவனைப் போலக் கிடப்பேன். பக்கத்தில் கலாமணி படுத்திருக்கிறாள், அவள் எழுந்து விளக்கைப் போட்டு என்னாச்சுங்க என்று கேட்டால் நான் என்ன சொல்ல முடியும். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். யாரோ படுத்ததும் தூங்கிப்போகிறவன் சொல்லியிருக்கிறான். நித்திரை எல்லாம் அறியும். எந்தத் தலையணை, எந்த மூலை, எவன் பயந்திருக்கிறான், எல்லாம் தெரிந்துதான் அது என் பக்கம் வராமல் போகிறது. ஆரம்பத்தில் நாலு மணி நேரம் தூங்கினேன், அப்புறம் மூன்று, இந்த மூன்று மாதமாக இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். சளி பிடித்தால் போவதில்லை, ஒன்று போவதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆள்காட்டி விரலில் கண்ணாடிச் சில்லு கிழித்த கீறல் ஒரு மாதமாக ஆறவில்லை, ஓரம் வெளுத்து அப்படியே வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. இதோ இப்போது கையுறை போட்டிருக்கிறேன். எப்போது போட்டேன்? கடிகாரத்தில் எட்டு இருபத்தொன்று. எட்டே கால் எனக்குத் தெரியும், எட்டு பதினாறு தெரியும், நடுவில் ஐந்து நிமிடத்தைக் காணோம். கொஞ்ச நாளாக இப்படித்தான், பகலில் துண்டு துண்டாக யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஊதா மூடிக் குழாயை வந்த உடனே பார்த்துவிட்டேன், அது உறைய வேண்டியதில்லை. அதில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. மூவாயிரத்து அறுநூறு. அந்தத் துண்டுக் காகிதம் இன்னும் மெஷின் வாயில் தொங்குகிறது, கிழித்து எடுக்கவே கை வரவில்லை. உடம்பின் காவல்காரர்கள் வெள்ளை அணுக்கள். வெளியாள் யார் நுழைந்தாலும் அடித்துக் கொல்வது அவர்கள் தொழில். கலாமணியின் காவல்காரர்களுக்கு என் சிறுநீரகம் வெளியாள். தாலி கட்டினவன் கொடுத்தது, மாமன் வீட்டு ரத்தம் என்றெல்லாம் அவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது. அதனால் அவர்களைப் பாதி மயக்கத்திலேயே வைத்திருக்க காலையிலும் சாயங்காலமும் அவளுக்கு ஒரு மாத்திரை. ரொம்ப மயக்கிவிட்டால் சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும். ஆகவே மாதம் ஒருமுறை எண்ணி, நாலாயிரத்துக்குக் கீழே போனால் மாத்திரையைக் குறைக்க வேண்டும். இது கோயமுத்தூர் டாக்டர் அருணகிரியின் கணக்கு. இரண்டு மாதம் முன்னால் மூவாயிரத்து எண்ணூறு வந்தது, நான்தான் போனில் சொன்னேன், குறைத்தார். போன மாதம் மூவாயிரத்து எழுநூறு, நான்தான் சொன்னேன், மறுபடி குறைத்தார். கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருந்தது, ஒன்று புள்ளி நாலு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். இன்றைக்கு மூவாயிரத்து அறுநூறு. மாத்திரையைக் குறைத்தால் அணுக்கள் ஏற வேண்டும். இருமுறை குறைத்தும் ஏறவில்லை. குறைக்கக் குறைக்கக் குறைகிறது. இந்த இடத்தில்தான் அப்போதிலிருந்து என் புத்தி முள்ளில் மாட்டின வேட்டி மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறது, இழுத்தால் கிழியும் போலிருக்கிறது, விட்டால் வர மாட்டேன் என்கிறது.

உறைந்துவிட்டது. சாய்த்துப் பார்த்தேன், அசையவில்லை. சுழல்மெஷினில் வைத்து எதிர்ப்பக்கம் தண்ணீர் நிரப்பின குழாய் ஒன்றை எடைக்கு எடை வைத்து மூடினேன். பத்து நிமிடம். அது வேகம் பிடிக்கும்போது ஒரு சத்தம் போடும், முதலில் முனகல், அப்புறம் ஒரே நீள ஊளை. இப்போதெல்லாம் அந்த ஊளைக்குள் என் பெயர் கேட்கிறது. ஈஸ்வரமூர்த்தி என்று முழுப் பெயரும் கேட்கிறது, பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடுகிற மாதிரி. தூக்கம் இல்லாதவன் காது அப்படித்தான், எனக்குத் தெரியும், தெரிந்தும் திரும்பிப் பார்க்கிறேன். வெளியே வரவேற்பு மேஜையில் ஜெசிந்தா வந்துவிட்டாள், செருப்புச் சத்தம் கேட்கிறது. உள்ளே எட்டிப் பார்த்து, இன்றைக்குத் திங்கட்கிழமை அண்ணா, உங்க ரத்தம் ஆச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றேன். ஏழாயிரத்து இருநூறுதானே என்று சிரித்தாள். கிட்டத்தட்ட என்றேன். அவள் போய்விட்டாள். சிரிப்பு மட்டும் கதவோரம் கொஞ்ச நேரம் நின்றது.

திங்கட்கிழமை என் ரத்தம். இது இந்த லேபின் பழக்கம். மெஷின் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க, கம்பெனியிலிருந்து அளவு தெரிந்த ரத்தம் பாட்டிலில் வரும், அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அது ஐஸிலேயே இருக்க வேண்டிய சாமான். கோயமுத்தூரில் பஸ் ஏறி, பல்லடம் வெயிலையெல்லாம் பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்வதற்குள் பாதி நாள் கெட்டுப்போயிருக்கும். அதனால் மெஷின் வந்த புதிதிலேயே ஒரு வழி கண்டுபிடித்தோம். எங்களிலேயே ஆரோக்கியமான ஆள் யார் என்று பார்த்தோம். நான்தான். வாரா வாரம் எண்ணிப் பார்த்தால் வெள்ளை அணு ஏழாயிரத்து இருநூறு, நூறு கூடும், நூறு குறையும், வெயிலானாலும் மழையானாலும் அதேதான். ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்தின ரத்தம் என்று முதலாளி சம்பத் சார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கும் உள்ளூரப் பெருமை, ஏன் பொய் சொல்ல வேண்டும். திங்கள் காலையில் என் கையை நீட்டுவேன், மெஷினுக்குக் கொடுப்பேன், ஏழாயிரத்து இருநூறு என்று சொன்னால் மெஷின் சரி. வேறு ஏதாவது சொன்னால் மெஷின் தப்பு, உள்ளே போய், எல்லார் எண்ணையும் ஒன்றாக ஏற்றி இறக்குகிற ஃபேக்டரைத் திருத்தி ஏழாயிரத்து இருநூறுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு மாதம் முன்னால் ஒருநாள் எட்டாயிரத்துச் சில்லறை காட்டியது. மெஷின் கூடுதலாக எண்ணுகிறது என்று திருத்தினேன். போன மாதம் மறுபடி எட்டாயிரத்துக்கு ஏறியது. மறுபடி இறக்கினேன். இரண்டு வாரம் முன்னால் மூன்றாவது தடவை. பழைய மெஷின், வயசாகிறது என்று அதைத் திட்டக்கூடச் செய்தேன். இன்றைக்குக் காலையில் ஏழாயிரத்து முந்நூறு காட்டியது, வழிக்கு வந்தாயா என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். மூன்று தடவை திருத்தினேன். நான் மூன்று தடவை.

ஊளை இன்னும் நிற்கவில்லை. மூன்று தடவையும் ஏன் ஒரே பக்கமாகவே ஏறியது. போன ஆடியில் லேப் ஆட்களுக்கென்று ஒரு கூட்டம் போட்டார்கள், மதியம் சாப்பாட்டுக்கு மேல் ஒரு பேராசிரியர் பேசினார், தூக்கமும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் என்று தலைப்பு. நான் அதில் பாதி நேரம் தூங்கினேன். வீட்டில் வராத தூக்கம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்தது, பக்கத்தில் இருந்தவர் இடித்து எழுப்பினார். எழுந்தபோது பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார், நல்ல தூக்கத்தில் வெள்ளை அணுக்களில் பெரும்பகுதி ரத்தத்தை விட்டு இறங்கி, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருக்கிற நிணநீர்க் கணுக்களுக்குப் போய்விடும், அன்றைக்கு வந்த பகையை அங்கேதான் பாடம் படிக்கும், போட்ட தடுப்பூசி மனசில் பதிவதும் அப்போதுதான் என்று. தூங்காதவன் உடம்பில்? என்று யாரோ கேட்டார்கள். இறங்காது, ரத்தத்திலேயே சுற்றும் என்றார். எண்ணிப் பார்த்தால் கூடுதலாகத்தான் இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகாது, ஒரு சளியைக்கூட ஒழுங்காக விரட்டத் தெரியாது, நல்ல திசுவையும் சேர்த்து எரிச்சல் பண்ணிக்கொண்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் கூடுதலாகத்தான் இருக்கும். இந்த வாக்கியத்தைக் குறிப்புப் புத்தகத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன், அரைத் தூக்கத்தில் கிறுக்கிய எழுத்து, வரி பக்கத்தை விட்டே கீழே இறங்கிப் போகிறது. எழுதினவன் கை என்னுடையதுதான். ஆனால் இத்தனை நாளாக அது வேறு யாருக்கோ வந்த கடிதம் போல அலமாரியில் கிடந்திருக்கிறது.

அப்படியானால் மெஷின் ஏறவில்லை. நான் ஏறியிருக்கிறேன். இதை மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்க்கும்போது கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட வேண்டியதுதான், மெஷினிடம் கேட்காமல் கண்ணால். அலமாரியின் அடித்தட்டில் பழைய கட்டக் கண்ணாடி இருக்கிறது, மெஷின் வருவதற்கு முன்னால் எல்லாரும் அதில்தான் எண்ணினோம், சன்னக் கோடு கிழித்த சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை என்று பார்த்துக் கூட்டிப் பெருக்க வேண்டும். தூசி துடைத்து, காலையில் எடுத்த என் ரத்தத்தில் ஒரு சொட்டைக் கரைத்து விட்டுக் கண்ணை வைத்தேன். நிறைய இருந்தன. எண்ணுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. பதினோரு வருஷம் பார்த்த கண், ஒரு கட்டத்தில் இவ்வளவு கூட்டம் என்னுடையதாக இருக்க முடியாது என்று சொல்லியது. ஒவ்வொன்றும் உருண்டையாக, நடுவில் கருத்து, இமை இல்லாத கண் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு. ராத்திரி முழுவதும் வீடு திரும்பாத காவல்காரர்கள். தடியைத் தட்டிக்கொண்டு என் உடம்பின் தெருக்களில் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள், யாரைப் பிடிப்பது என்று மறந்துபோனவர்கள். விலாவுக்குள் தட்டுவது இவர்கள்தானோ. கண்ணை எடுத்துக்கொண்டேன். மறுபடி வைத்தேன். எண்ணினேன், மறந்தேன், முதலிலிருந்து எண்ணினேன். பத்தாயிரத்து அறுநூறு. மெஷினைக் கேட்டால் ஏழாயிரத்து முந்நூறு என்கிறது, ஏனென்றால் அப்படிச் சொல்லத்தான் அதற்கு மூன்று தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கலாமணியின் ஊதாக் குழாயைத் திறக்கும்போது விரலில் கீறல் கையுறைக்குள் எரிந்தது. ஒரு சொட்டு. கட்டம் கட்டமாகப் போனேன், இந்த முறை சத்தமாக எண்ணினேன், குரல் என் குரல் மாதிரி இல்லை. ஐயாயிரத்து இருநூறு. மூவாயிரத்து அறுநூறு இல்லை, ஐயாயிரத்து இருநூறு. போன மாதமும் நாலாயிரத்துக்குக் கீழே இருந்திருக்காது, அதற்கு முந்தின மாதமும் இருந்திருக்காது. குறைக்கவே வேண்டாத மாத்திரையை இரண்டு தடவை குறைத்திருக்கிறார்கள், நான் சொன்ன எண்ணை நம்பி. முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இதுதான், படியே ஓட்டையாக இருக்கும்போது அளந்ததையெல்லாம் என்ன சொல்வது. நான் அங்கே அவளுக்குப் பக்கத்தில் படுத்து, அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து பயந்து விழித்துக்கொண்டு கிடந்தேனே, அந்த விழிப்புதான் என் ரத்தத்தில் ஏறி, மெஷினில் ஏறி, காகிதத்தில் ஏறி, கோயமுத்தூர் வரைக்கும் போய், அவளுடைய காவல்காரர்களை எழுப்பிவிட்டிருக்கிறது. என் சிறுநீரகத்தின் மேல் என் கையாலேயே ஆட்களை ஏவியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேஜையில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அழுதேன், சத்தம் வெளியே போகாமல் ஊளை பார்த்துக்கொண்டது.

சுழல்மெஷின் நின்றது. மஞ்சள் நீரை எடுத்து வைத்துப் பொத்தானை அழுத்தினேன், ஏழு நிமிடம் என்று காட்டியது. இந்த ஏழு நிமிடத்தில் எனக்குள் ஒருவன் வந்து உட்கார்ந்தான். நல்லவன் மாதிரிதான் பேசினான். ஃபேக்டரை இப்போதே பழைய இடத்தில் வை, யாருக்கும் தெரியாது என்றான். கலாமணியின் ரத்தத்தை மறுபடி ஓட்டு, ஐயாயிரத்து இருநூறு என்று வரும், டாக்டரிடம் அதைச் சொல், அணு ஏறிவிட்டது சார் என்று சொல், அவரே மாத்திரையைக் கூட்டிவிடுவார், உன் வேலையும் தப்பும், லேபும் தப்பும். நான் சரி என்று சொல்லக்கூடத் தொடங்கிவிட்டேன், பொத்தான்மேல் விரல் போய்விட்டது. அப்புறம் அந்த வேன் டிரைவர் ஞாபகம் வந்தார். போன வாரம் வயிற்று வலி என்று வந்தவர், ஒன்பதாயிரம், நார்மல் என்று அச்சடித்துக் கொடுத்தோம், வலியோடு எழுந்து போனார். ஒன்பதாயிரமா அது? பதிமூன்று இருக்கும். அவர் பெயர் என்ன, எந்த ஊர், இன்னும் இருக்கிறாரா? இரண்டு மாதமாக இந்த மெஷினில் போன ஊர் முழுவதும் வரிசையாக அறைக்குள் வந்து சுவரோரம் நின்ற மாதிரி இருந்தது, யாரும் பேசவில்லை, எல்லாரும் கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார்கள். உண்மையில் அறையில் யாரும் இல்லை. சத்தியமாக யாரும் இல்லை, மூன்று தடவை பார்த்தேன். பேசினவனையும் காணோம். மெஷின் கிரியேட்டினினை அச்சடித்துத் தள்ளியது. இரண்டு புள்ளி ஒன்று.

டாக்டர் அருணகிரிக்கு நானே போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், திங்கட்கிழமைப் பழக்கத்தை, மூன்று திருத்தத்தை, கட்டக் கண்ணாடியில் எண்ணினதை. முடித்த பிறகு, கடைசியா எப்பத் தூங்குனீங்க ஈஸ்வரமூர்த்தி என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை சார் என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. இன்றைக்கு மதியத்துக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், ஊசி மருந்து உடனே ஆரம்பித்தால் காப்பாற்றப் பார்க்கலாம், எத்தனை நாளாக உள்ளே அடி விழுந்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார். உறுதி எதுவும் சொல்லவில்லை. வெளியே போய் ஜெசிந்தாவிடம், இரண்டு மாத ரிப்போர்ட் முழுவதையும் எடுத்து ஒவ்வொருவரையும் கூப்பிட வேண்டும், முதலில் அந்த வேன் டிரைவரை என்றேன். ஏன் என்று கேட்டவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ரிஜிஸ்டரை எடுத்தாள். சம்பத் சாரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். பிறகு வாசற்படியில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். காலை வெயில் கண்ணைக் குத்தியது.

"கலா, கோயமுத்தூருக்குப் போகோணும். ரெண்டு துணி எடுத்து வை. அட்மிட் பண்ணச் சொல்றாங்க."

ஏன் என்று கேட்பாள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. நானே சொன்னேன். மெஷின் இல்லை, என் ரத்தம்தான் தப்பு என்று சொன்னேன். எனக்குத் தூக்கம் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது என்றும், தினமும் தூங்குகிற மாதிரி நடித்தேன் என்றும், அதனால்தான் இவ்வளவும் என்றும் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் பால் குக்கர் விசில் அடித்து அடங்கியது.

"மாமா, எனக்குக் காலு வீங்கிப் பத்து நாளாச்சுங்க. ஒண்ணுக்கும் சரியாப் போறதில்லீங்க."

பத்து நாள். ஏன் கலா சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா நீங்க தூங்கமாட்டீங்கன்னுதானுங்க மாமா."